நாற்காலி சத்தியம் செய்யவில்லை

அத்தியாயம் 9

"தலை நாலு விரல் இறங்கியிருக்கு," என்றார் அண்ணி.

யாருடைய தலை என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் தலை இறங்குவது என்றால் வழக்கமாக அது என்னுடையதுதான். ஆனால் இந்த முறை அண்ணியின் பூதக்கண்ணாடி மேசையில் கிடந்த ஒரு பழைய போட்டோவின் மேல் நின்றிருந்தது.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. முப்பது வருடம் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில், 'வண்டி தானாகவே எரிஞ்சு போச்சு சார்' என்று கண்ணீர் விடுகிறவர்களை விசாரிப்பது அவர் வேலை. ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டு வாசலில் துப்பறியும் பலகையை மாட்டிவிட்டார். வயது எழுபத்தொன்று. நான் கொழுந்தன், அறுபத்தெட்டு, உதவியாளர். காரை ஓட்டுவதும் பையைத் தூக்குவதும் தப்பான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்பதும் என் பொறுப்பு.

நாங்கள் நின்றிருந்தது பந்தயத் தடத்தில் கார்களைப் பழுதுபார்க்கும் பிட் கட்டிடத்தின் மேல் மாடியில், வரலாற்று அறையில். அந்த ஒற்றை இருக்கைக் கார்ப் பந்தயத் தொடருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதன் ஒவ்வொரு சுற்றையும் மனப்பாடமாக வைத்திருக்கும் பதிவாளருக்கு 'அகராதி' என்று பெயர். உண்மையான பெயர் அவருக்கே நினைவில்லை என்பார்கள். அந்த இடத்தில் ஏதோ ஒரு சுற்று நேரம் பதிவாகிவிட்டதாம்.

"ஆரம்பத்துல என்ஜின் முன்னால இருக்கும்," என்று அகராதி எனக்குச் சுவரைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். "டிரைவர் நேரா நிமிர்ந்து உக்காந்திருப்பார். அப்புறம் என்ஜினைப் பின்னால தள்ளினாங்க. டிரைவர் படுத்துக்கிட்டார்."

"நல்ல வேலையா இருக்கே," என்றேன். "நானும் அப்படித்தான். ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சிட்டேன்."

அகராதி சிரிக்கவில்லை. என்ஜின் முன்னால் இருந்த காலத்தில் டிரைவர்கள் பந்தயம் முடிந்து இறங்கும்போது அரை வேக்காடாக இறங்குவார்கள் என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒருவருக்குத் திருப்பிப் போட்டு இன்னொரு பக்கமும் வேகவைக்க இன்னும் நான்கு சுற்று தேவைப்பட்டதாம். இதை நான் அகராதியிடம் சொல்லவில்லை. எழுதி வைத்துக்கொண்டாலும் வைத்துக்கொள்வார்.

"தம்பி, கதை போதும். மணி என்ன?" என்றார் அண்ணி.

"ஒண்ணு இருபது."

"நாலு மணிக்குத் துணியை எடுத்துடுவாங்க."

துணி என்பது கீழே, மேடைக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புக் கல் சுவரை மூடியிருந்த வெள்ளைத் துணி. ஐம்பத்திரண்டு வருடச் சாம்பியன்களின் பெயர்களையும் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அதில் முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய பெயர் இப்போது தொடரின் தலைவராக இருப்பவருடையது. அந்த வருடச் சாம்பியனைத் தீர்மானித்த கடைசிப் பந்தயத்தை ஓட்டி ஜெயித்தது அவரில்லை, நான்தான் என்கிறார் எங்கள் கட்சிக்காரர்.

கட்சிக்காரருக்குப் பெயர் லாரியக்கா. என்னைவிட நான்கு வயது சின்னவர்தான், இருந்தாலும் அக்கா. அவர் லாரியை ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்த யாரும் அவரைத் தங்கச்சி என்று கூப்பிடத் துணிய மாட்டார்கள். அந்தக் காலத்தில் தலைவரின் தாய்மாமா ஒரு பந்தய அணி வைத்திருந்தார். அணியின் காரைத் தடத்துக்குத் தடம் ஏற்றிப் போன லாரியின் டிரைவர் இவர். விடியற்காலையில் தடம் காலியாக இருக்கும்போது காரைச் சோதித்து ஓட்டிப் பார்ப்பதும் இவர்தான். பெண்களுக்குப் பந்தய லைசென்ஸ் கொடுக்காத காலம். கடைசிப் பந்தயத்தன்று கொட்டிய மழையில் அணியின் ஓட்டுநரான மருமகனுக்கு, அதாவது இன்றைய தலைவருக்கு, திடீரென்று வயிற்றுவலி. மாமா, மருமகனின் ஹெல்மெட்டை எடுத்து இவர் தலையில் மாட்டிவிட்டார். ஒன்பதாவது இடத்தில் கிளம்பி முதலாவதாக வந்தார். அடுத்த வருடம் லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்ற மாமா, அந்த வருடத்துக்குள் செத்துப் போனார். இவர் உண்மையைச் சொன்னார். ஊரே சிரித்தது. 'பொய்ப் புகார் சொன்னதற்காக' தடத்துக்குள் நுழைய வாழ்நாள் தடை.

இன்று காலை தலைவரின் வக்கீல் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். 'நான் சொன்னது பொய்' என்று நாலு மணிக்குள் கையெழுத்துப் போட்டால் தடை நீங்கும், முன் வரிசையில் ஒரு இடமும் உண்டு.

"என்ன பதில் சொன்னீங்க?" என்று நான் கேட்டிருந்தேன்.

"முன் வரிசையில எனக்கு ஏற்கெனவே இடம் இருந்துச்சு," என்றார் லாரியக்கா. "ஒரே ஒரு தடவைதான் இருந்துச்சு. அன்னிக்குக் கோட்டைத் தாண்டறப்ப எனக்கு முன்னால யாரும் இல்லை."

இப்போது அண்ணி பன்னிரண்டு போட்டோக்களை வரிசையாக அடுக்கினார். அந்த வருடத்தின் பன்னிரண்டு பந்தயங்கள். எல்லாவற்றிலும் அதே கார், அதே மஞ்சள் பட்டை போட்ட ஹெல்மெட். டிரைவரின் தலைக்குப் பின்னால் ஒரு வளைவுக் குழாய். கார் கவிழ்ந்தால் கழுத்தைக் காப்பாற்றுவது.

"பதினோரு போட்டோவுல ஹெல்மெட்டோட உச்சியும் குழாயும் ஒரே மட்டம்," என்றார் அண்ணி. "பன்னிரண்டாவதுல மட்டும் நாலு விரல் கீழ."

"மழைம்மா," என்றார் அகராதி. "மழைன்னா குனிஞ்சுதான் ஓட்டுவாங்க. அன்னிக்கு முதல் வளைவுல மீன் போனதா எங்கிட்டக் குறிப்பு இருக்கு."

"எத்தனாவது இடத்துல?" என்றேன்.

அகராதி உண்மையாகவே ஏட்டைப் புரட்டத் தொடங்கினார். 

"இந்த வண்டியில குனிய முடியுமா?" என்றார் அண்ணி. "சீட்டு எப்படிச் செய்வாங்க, சொல்லுங்க."

"ஒரு பையில நுரை மருந்தை ஊத்தி, அது மேல டிரைவரை உக்கார வைப்போம். கால் மணியில கல்லாட்டம் இறுகிடும். அவர் உடம்புக்கு அச்சு எடுத்த மாதிரி. பெல்ட்டும் போட்டா ஒரு விரல் நகர முடியா..." அகராதியின் வாய் அப்படியே நின்றது.

"ஒருத்தர் சீட்டுல இன்னொருத்தர் உக்கார முடியாது. நாலு விரல் குட்டையான ஒருத்தருக்கு அச்சு எடுத்த சீட்டு அன்னிக்கு அந்த வண்டியில இருந்திருக்கு." அண்ணி பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டார். பை என் தோளுக்கு வந்தது. "அந்த சீட்டு எங்க?"

"அந்த அணியோட பழைய மெக்கானிக் டிங்கர்தான் வண்டியைப் புதுப்பிச்சார். சாயங்காலம் தலைவர் அதுல ஒரு ரவுண்டு போறார்," என்றார் அகராதி. பிறகு மெல்லக் கேட்டார்: "அம்மா, இந்த போட்டோவை என் கையிலயே வெச்சுக்கலாமா?"

"பத்திரமா வெச்சுக்குங்க. நாலு மணிக்கு வேணும்."

*

டிங்கர் பட்டறை தடத்துக்கு வெளியே, மதிலை ஒட்டி இருந்தது. லாரியக்கா தன் லாரியை எதிரே நிறுத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். லாரிக்கு வயது முப்பத்தொன்பது. அன்று அணியின் காரை ஏற்றிப் போன அதே லாரி; அணி கலைந்தபோது இவரே வாங்கிக்கொண்டது. அதில் ஹாரன் மட்டும் புதிது, மற்றதெல்லாம் சத்தம்.

டிங்கருக்கு எழுபது இருக்கும். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார். அண்ணி விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைத் திரும்பக் கீழே இறக்கிக்கொண்டார்.

"பழைய சீட்டா? அது இல்லைங்க. தலைவர் இப்ப ரெண்டு சுத்துப் பெருத்துட்டார். புது சீட்டு செஞ்சேன். வண்டியில இருந்த பழசை மூணு வாரம் முன்னால அவரே வந்து எடுத்துட்டார்."

"எங்க கொண்டு போனார்?"

"எங்கயும் போகலை. அதோ, பின்னால மண்ணுல போட்டு, பெட்ரோல் ஊத்தி, அவர் கையாலயே கொளுத்தினார். முழுசா எரியற வரைக்கும் நின்னு பார்த்தார்."

அண்ணி கொல்லைப் பக்கம் போய்க் கருகிய மண்ணைக் காலால் கிளறினார். அங்கே ஒன்றும் இல்லை. அவருடைய தோள் இறங்கியது. அந்தத் தோள் இறங்கி நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். முதல் முறை, என் அண்ணன் கல்யாணப் பந்தலில் பாடியபோது.

எனக்குக் கால் வலித்தது. பட்டறையில் ஒரு ஆயில் டிரம், ஒரு ஸ்டூல், மூலையில் இரும்புக் கால்கள் வைத்த, பள்ளமான ஒரு நாற்காலி. நான் நாற்காலியைத் தேர்ந்தெடுத்தேன்.

"ஐயோ, அதுல உக்காராதீங்க!" என்று கத்தினார் டிங்கர்.

அதற்குள் நான் உட்கார்ந்து முடித்திருந்தேன். நாற்காலி என்னைப் போன்ற ஒருவனை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. இரண்டு பக்கமும் இடுப்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. எழுந்தேன், நாற்காலியும் கூடவே எழுந்தது.

"டிரம்முல உக்காருங்க, ஸ்டூல்ல உக்காருங்க, வேணும்னா என் தலை மேல உக்காருங்க. அதுல மட்டும் உக்காரக்கூடாது," என்று முணுமுணுத்தபடி டிங்கர் என் தோள்களைப் பிடித்து இழுத்தார். அண்ணி நாற்காலியை இழுத்தார். சீசாவிலிருந்து தக்கை வருவதுபோல நான் வெளியே வந்தேன். பாக்கெட்டிலிருந்த பெப்பர்மின்ட் உள்ளே விழுந்துவிட்டது. அதை எடுக்கக் கையை விட்டேன். வலது பின் பாக்கெட் படும் இடத்தில் ஒரு குழி. பெப்பர்மின்ட் அதற்குள் போய் ஒளிந்திருந்தது.

"எலி கடிச்சிருக்கு," என்றேன்.

டிங்கர் தோளிலிருந்த துணியை எடுத்து நாற்காலியைத் துடைத்தார்.

நாங்கள் வெளியே வந்தோம். மணி இரண்டே கால். லாரியக்கா கதவைத் திறந்தபடி எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"எரிச்சிட்டாங்கம்மா," என்றார் அண்ணி.

லாரியக்கா ஸ்டீயரிங்கில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். பிறகு, "சரி. எரிச்சா எரிச்சிட்டுப் போகட்டும்," என்றார். "அந்தக் கடுதாசியில மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தப் பொய் வேணும்னா தானா நிக்கட்டும். நான் அதுக்கு முட்டுக் கொடுக்க மாட்டேன்."

"நியாயம்தான்," என்றேன். "இந்தப் பட்டறையிலயே எதுவும் சரியில்லை. ஊரெல்லாம் எலி வட்டமா கடிக்கும். இங்க உள்ள எலி ஆறு மூலையா கடிச்சு வெச்சிருக்கு."

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன சொன்னீங்க?"

"அந்தக் குழி, அண்ணி. ஆறு மூலை. அதுல இருந்து ஒரு வால் மாதிரி நீளமா..."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. லாரியின் சாவித் துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நீளமான ஒரு சாவி தொங்கியது. சாவியில், வளையத்துக்குப் பதிலாக, முட்டைக்கோஸ் தண்டு பருமனில் ஒரு ஆறு மூலை சக்கர நட்டு.

"இந்த நட்டு எத்தனை வருஷமா இருக்கு?"

"முதல் நாள்லேருந்து. சாவி தொலையக்கூடாதுன்னு மாமா மாட்டிக் கொடுத்தது. இதை நான் யார் கையிலயும் கொடுத்ததில்லை. எப்பவும் பின் பாக்கெட்லதான் இருக்கும்."

"தூங்கும்போது?"

"தூங்கும்போதும்."

"நுரை மருந்து மேல உக்காந்து சீட்டுக்கு அச்சு எடுக்கும்போது?"

லாரியக்காவின் கை தானாகப் பின் பாக்கெட்டைத் தொட்டது.

அண்ணி அறுபது வயதுக்காரி போல ஓடினார். நான் எண்பது வயதுக்காரன் போலப் பின்னால் ஓடினேன். 

டிங்கர் நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எங்களை எதிர்பார்த்தது போலவே இருந்தது.

"பட்டறை முழுக்க ஒரு விரல் கனத்துக்குத் தூசி," என்றார் அண்ணி. "இந்த ஒண்ணுல மட்டும் இல்லை. வந்தவங்க டிரம்முல உக்காரலாம், இதுல உக்காரக்கூடாது. ரேஸ்காரங்க சீட்டைத் தூக்கி எறிய மாட்டீங்க, இல்லையா? கால் வெச்சு நாற்காலி ஆக்கிடுவீங்க. இது யாரோட சீட்டு?"

"அன்னிக்கு யார் ஓட்டினாங்கன்னு பேச மாட்டேன்னு அந்த மாமா முன்னால சத்தியம் பண்ணியிருக்கேன்ம்மா."

"அப்ப நீங்க பேச வேணாம்."

டிங்கர் யோசித்தார். பிறகு ஒரு ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்து, நாற்காலிக் காலின் முதல் போல்ட்டில் வைத்தார்.

"நான்தான் சத்தியம் பண்ணேன்," என்றார். "நாற்காலி பண்ணலை."

"அப்ப அங்க எரிஞ்சது எது?" என்றேன் நான்.

டிங்கர் முதல் முறையாகச் சிரித்தார். "அதை அவர் முன்னாலயே சொல்றேன்."

*

மூன்று நாற்பதுக்குத் தடத்தின் பெரிய கேட். காவலாளி, லாரியின் முன்னால் கையை நீட்டி நின்றார். அவர் கையில் தடைக் கடிதத்தின் நகல் இருந்தது; இன்றைக்கென்றே கொடுத்து வைத்திருந்தார்கள்.

"நீங்க உள்ள போகக்கூடாதும்மா. எழுதியிருக்கு."

"படிங்க," என்றார் அண்ணி ஜன்னல் வழியாக.

"'பந்தய டிரைவராகவோ, சோதனை டிரைவராகவோ, மெக்கானிக்காகவோ, பார்வையாளராகவோ, விருந்தினராகவோ இவர் நுழைய வாழ்நாள் தடை.'"

"லாரி டிரைவர்னு எங்கயாவது போட்டிருக்கா?"

காவலாளி கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். இல்லை.

"முப்பத்தேழு வருஷமா உங்க தலைவர் என்ன சொல்லிட்டு வர்றார்? 'அந்தம்மா வெறும் லாரி டிரைவர்'. எல்லாப் பேட்டியிலயும் அதே வார்த்தை. இப்ப இவங்க லாரி டிரைவர். பின்னால ஒரு நாற்காலி இருக்கு. மேடைக்கு டெலிவரி. தலைவர் சொன்னது பொய்யின்னு நீங்க சொன்னா, நாங்க திரும்பிப் போயிடறோம்."

காவலாளிக்குத் தலைவரைப் பொய்யர் ஆக்குவதில் விருப்பமில்லை. பதிவேட்டை நீட்டினார். 'தொழில்' என்ற கட்டத்தில் லாரியக்கா 'லாரி டிரைவர்' என்று அழுத்தி எழுதினார். 'வந்த காரியம்' என்ற கட்டத்தில் 'நாற்காலி'. கேட்டின் ஒற்றைக் கதவை மட்டும் திறந்தார்கள். பக்கத்துக்கு ஒரு பெப்பர்மின்ட் இடைவெளியில் லாரி நுழைந்தது. முப்பத்தேழு வருடம் கழித்து உள்ளே வந்த மனுஷி கண்ணைக்கூடக் கசக்கவில்லை. கியரை மாற்றினார்.

மேடையில் தலைவர் பழைய பந்தய உடுப்பைப் போட்டிருந்தார். உடுப்பு அவரைப் போட்டிருந்தது என்றும் சொல்லலாம். அருகே அந்தப் பழைய கார், புதுச் சிவப்பில். எதிரே வெவ்வேறு காலத்து ஓட்டுநர்கள் இருபது பேர். தொண்ணூறு வயதில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர்கள் என்ஜின் முன்னால் இருந்த காலத்தவர்கள். சாய்ந்திருந்தவர்கள் பிற்காலத்தவர்கள். 

அண்ணி மேடை ஏறினார். நானும் டிங்கரும் கால் கழற்றிய சீட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினோம்.

"தலைவர் ஐயா, இன்னிக்கு இந்த வண்டியை ஓட்டறீங்க. கடைசிப் பந்தயத்துல இருந்த அசல் சீட்டோட ஓட்டினா நல்லா இருக்கும்னு கொண்டு வந்தோம்."

தலைவர் சீட்டைப் பார்த்தார். அவர் முகம் வெள்ளைத் துணியின் நிறத்துக்கு வந்தது.

"அது எப்படி? அந்த சீட்டை நானே எரிச்..."

ஒலிபெருக்கி அந்த வார்த்தையின் பாதியைத் தடம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மிச்சப் பாதியை எல்லோரும் தாங்களே போட்டுக்கொண்டார்கள்.

"எதுக்கு எரிச்சீங்க?" என்றார் அண்ணி.

பதில் டிங்கரிடமிருந்து வந்தது. "சார், இதைச் சொல்றது என் சத்தியத்துல வராது. அன்னிக்குச் சாயங்காலமே வண்டியில இருந்த சீட்டைக் கழட்டிட்டு உங்க சீட்டைத் திரும்ப மாட்டிட்டேன். கொட்டகையை விட்டு வெளிய போற வண்டியில அந்த வண்டிக்காரரோட சீட்டு இருக்கணும். எங்க பழக்கம் அது. அதுக்கப்புறம் நீங்க ஒரு நாளும் உள்ள உக்காந்து பார்க்கலை." சீட்டைத் தட்டிக் காட்டினார். "நீங்க எரிச்சது உங்க சீட்டு."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது.

அண்ணி தலையசைத்தார். லாரியக்கா மேடையில் ஏறி, பின் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துச் சீட்டின் குழியில் வைத்தார். நட்டு ஆறு மூலையும் பொருந்தி உட்கார்ந்தது. சாவி அதன் வாலில் படுத்துக்கொண்டது. அவர் கையை எடுத்தார். நானும் டிங்கரும் சீட்டைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினோம். சாவி விழவில்லை.

"சரி, அது அவ சீட்டுதான்!" தலைவருக்குக் குரல் திரும்பிவிட்டது. "காலையில சோதனை ஓட்டம் ஓட்டுவா. அதுக்குச் செஞ்சது. பந்தயம் ஓட்டினான்னு அதுக்கு அர்த்தமா?"

"நல்ல கேள்வி," என்றார் அண்ணி. "அதுக்குத்தான் வண்டி இருக்கே."

டிங்கர் புதுச் சீட்டை எடுத்துவிட்டுப் பழையதை வைத்தார். நாற்காலிக்காக அடியில் சீவிவிட்டிருந்ததால் அது லேசாக ஆடியது. லாரியக்கா சட்டைப் பையிலிருந்து வக்கீல் கடிதத்தை எடுத்தார். நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். சீட்டுக்கு அடியில் வைத்து அழுத்தினார்.

"இப்ப ஆடலை," என்றார்.

தலைவருக்காக வைத்திருந்த மஞ்சள் பட்டை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். அறுபத்து நான்கு வயது உடம்பு அச்சுக்குள் மெல்ல நழுவி, ஓரிடத்தில் நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. அகராதி ஓடி வந்தார். பன்னிரண்டாவது போட்டோவைக் கையில் தூக்கிப் பிடித்தார். வளைவுக் குழாய்க்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே விரல்களை வைத்தார். கூட்டத்தைப் பார்த்தார். ஒரு சுற்று நேரத்தை அறிவிக்கும் அதே குரலில் அறிவித்தார்:

"நாலு விரல்."

இருபது ஓட்டுநர்களுக்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் நுரை மருந்தின் மேல் உட்கார்ந்தவர்கள். அந்த மழையில் இரண்டாவதாக வந்தவர் ஊன்றுகோலோடு எழுந்து நின்றார்.

"முப்பத்தெட்டு வருஷமா, இந்தாள்கிட்டயா தோத்தேன்னு வெக்கத்துல எனக்குச் சரியா தூக்கமே இல்லை," என்றார். "இப்ப நிம்மதியா இருக்கு."

தலைவர் காரின் பக்கத்தில் வந்து நின்றார். ஒலிபெருக்கியைக் கீழே வைத்திருந்தார். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

"வயித்துவலி இல்லை," என்றார். "அன்னிக்கு அந்த மழையில எனக்குப் பயமா இருந்துச்சு."

ஹெல்மெட் அவர் பக்கம் திரும்பியது. "எனக்கும்தான் பயமா இருந்துச்சு. ஆனா நான் வண்டிக்குள்ள இருந்தேன்."

பிறகு லாரியக்கா டிங்கரைப் பார்த்தார். "பெட்ரோல் இருக்கா?"

"ஒரு ரவுண்டுக்குத்தான் ஊத்தியிருக்கேன்."

"போதும்."

அந்த ஒரு சுற்றைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும் குறைத்துச் சொல்கிறேன் என்பார்கள். முதல் வளைவில் கார் திரும்பிய வேகத்தில், மேடையில் இருந்த தலைவரின் தொப்பி மரியாதைக்காகத் தானே கழன்றது. கடைசி நேர்கோட்டில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. என்ஜின் அடங்கிவிட்டது. கார் ஓசையே இல்லாமல் உருண்டு வந்து கோட்டைத் தாண்டி, துணி போர்த்திய கல்லுக்கு நேர் எதிரே நின்றது.

யாரும் துணியை எடுக்கவில்லை. அகராதி தன் பெரிய ஏட்டைத் திறந்து, சிவப்பு மையால் ஒரு பெயரை அடித்து, மேலே இன்னொரு பெயரை எழுதினார். ஐம்பத்திரண்டு வருடத்தில் அந்த ஏட்டில் விழுந்த முதல் அடித்தல். 

"கல்லு வெட்டறவரை நாளைக்கே வரச் சொல்றேன்ம்மா," என்றார். "தடையையும் ஏட்டுலேருந்து எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க." லாரியக்கா ஹெல்மெட்டைக் கழற்றினார். "முப்பத்தேழு வருஷம் என்னை வாசல்ல நிறுத்தினீங்க. என் பேருக்குக் கீழ அதையும் எழுதுங்க. ஜெயிச்சது மட்டும் வரலாறு இல்லை, நிறுத்தி வெச்சதும் வரலாறுதான்."

அகராதி எழுதினார்.

*

திரும்பும்போது லாரியில் மூவர். நடுவில் நான். அடுத்த வாரமே டிங்கருக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அண்ணி சொல்லிக்கொண்டு வந்தார். என் இடுப்பை அளவு எடுத்துச் செய்தால் எல்லோருக்கும் பொருந்தும் என்றேன். இரண்டு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். அது எனக்கு அவ்வளவு நகைச்சுவையாகப் படவில்லை.

கேட்டில் காவலாளி பதிவேட்டை நீட்டினார். "வெளிய போறப்பவும் கையெழுத்துப் போடணும்மா."

லாரியக்கா கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மேலே, 'தொழில்' கட்டத்துக்குக் கொண்டு போனார்.

"அம்மா, இதுல வெட்டி எழுதக்கூடாது."

"வெட்டலை தம்பி. லாரி டிரைவர்ங்கறது அப்படியே இருக்கட்டும். அந்தப் பேர்லதானே உள்ள வந்தேன்."

நான் எட்டிப் பார்த்தேன். 'லாரி டிரைவர்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி. அதற்குப் பின்னால், அதே அழுத்தத்தில், 'சாம்பியன்'.

காவலாளி அதை ஒரு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு போய், இந்த முறை, கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்தார்.